சுண்ணாம்புக் கோடு

மகனின் விளையாட்டு விழாவுக்காக மைதானத்துக்குள் நுழைந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது. அது அப்பாவின் வாடை.

அலுவலக அணிக்காகப் பத்து வருடம் கால்பந்து ஆடிய அப்பா, முட்டி போனபின், தொண்ணூறுகளில், மயிலாப்பூரில் நான் படித்த பள்ளிக்கே கோச்சாக வந்தார். கோடு போட வாட்ச்மேனை விடமாட்டார். "கோடு கோணினா ஆட்டமே கோணிடும்" என்பார். பேண்ட்டை மடித்துவிட்டு, காலை இழுத்து இழுத்து நடந்து, சட்டியிலிருந்து சுண்ணாம்புப் பொடியைக் கையாலேயே தூவுவார்.

அவர் வந்த முதல் வாரம், என் வகுப்பு சுதா மைதானத்தோரம் நின்று சிரித்தாள். "யாருடி அது, மூஞ்சியெல்லாம் வெள்ளையா?"

"கோடு போடுற ஆளு" என்றேன்.

மூன்றடி தள்ளிக் குனிந்திருந்த அப்பாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு தூவிக்கொண்டே எங்களிடம் வந்தார். வீட்டில் என்னை 'வாடி, போடி' என்று கூப்பிடுகிறவர், நிமிராமலே சொன்னார்:

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க பாப்பா. ஷூவுல சுண்ணாம்பு பட்டுடும்."

தள்ளி நின்றேன். பள்ளி முடியும்வரை அந்த மைதானத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது.

"அம்மா!"

மைதானத்தின் நடுவிலிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, மகன் கத்துகிறான்.