செவலை காட்டிய மேய்ச்சல் நிலம்

சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம், புயல் ஓய்ந்து வெள்ளம் வடிந்த வாரம். ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பின்னால், ஆற்றோரக் குடியிருப்பில் நானும் என் வீட்டுக்காரரும் மூன்று மாடுகளை வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தோம். சென்னையில் மாடா என்று கேட்பீர்கள். காலையில் காபி குடிக்கும்போது மட்டும் யாரும் கேட்பதில்லை.

எங்கள் பக்கம் மாட்டை யாரும் கூடவே போய் மேய்ப்பதில்லை. விடியலில் கறந்துவிட்டு அவிழ்த்து விட்டால், தானே ரோட்டைத் தாண்டி ஆற்றங்கரைக்குப் போகும், மேயும், சாயங்காலம் தானே வந்து சேரும். வெள்ளம் ஏறுவதற்குள் மூன்றையும் மேட்டுப் பக்கம் ஓட்டிப்போய்க் காப்பாற்றிவிட்டோம். ஆனால் கரையில் இருந்த புல் முழுவதும் சாக்கடைச் சேற்றுக்குள் போய்விட்டது. தீவனம் வாங்கிப் போட வழியில்லை. மாடுகளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அவற்றில் சினையாக இருந்த செவலைப் பசுவை ஒரு வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்டுவிட்டுப் போனார். வீட்டுக்காரர் அரை மனதாகத் தலையாட்டிவிட்டார். நான் விடமாட்டேன் என்றேன்.

மந்தைவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நிவாரணத்துக்குப் பெயர் எழுதினார்கள். மேய்ச்சல் போனதற்கும் உதவி உண்டென்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன்.

"மாடு செத்துப்போச்சாம்மா?" என்றார் அதிகாரி.

"மாடு உயிரோட கீது சார். புல்லுதான் செத்துப்போச்சு."

அவர் சிரித்துவிட்டார். "சிட்டிக்குள்ள ஏதும்மா மேய்ச்சல்? அதெல்லாம் கிராமத்துக்காரங்களுக்கு."

மறுநாளும் அதே பதில். மாட்டைச் சாகவிடாமல் காப்பாற்றியது குற்றமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நாள் செவலையைப் பிடித்துக்கொண்டு நேராக அந்தப் பள்ளிக்கூட மைதானத்துக்குள் போனேன். அதிகாரி எழுந்து நின்று, வெளியே ஓட்டச் சொன்னார்.

"நான் ஓட்டமாட்டேன் சார். அவுத்து வுட்றேன். அது எங்க மேயப் போவுதுன்னு பின்னாடியே வந்து பாருங்க. வேற எங்கனா போச்சுன்னா, இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்."

கயிற்றை உருவிவிட்டேன். வரிசையில் நின்றவர்கள், "போய்ப் பாரு சார், நாங்க நிக்கிறோம்" என்றார்கள். அவருக்கும் வேறு வழியில்லை, எரிச்சலோடு வந்தார். வழியில் ஒரு குப்பைத் தொட்டியில் செவலை தலையை விட்டபோது, மானம் போயிற்று என்றே நினைத்தேன். நல்லவேளை, ஒரு வாழை இலையைக் கவ்விக்கொண்டு நடையைக் கட்டியது. ஆட்டோக்களின் ஹாரனைச் சட்டை செய்யாமல் ரோட்டைத் தாண்டி, சரிவில் இறங்கி, ஆற்றங்கரையில் போய் நின்றது.

கண்ணுக்கெட்டியவரை கறுத்துக் காய்ந்த சேறு. செவலை அதை மோந்து பார்த்தது, மூக்கால் தள்ளியது, தலையைத் தூக்கிக் கத்தியது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்த அதிகாரி சேற்றின் ஓரம்வரை இறங்கி வந்து பார்த்தார்.

"தினமும் இங்கதான் வருமா?"

"இப்பவும் வருது சார். புல்லு இல்லன்னு அதுக்கு யாரு சொல்றது?"

இந்தக் கரையில் இன்னும் எத்தனை வீடுகளில் மாடு இருக்கிறது என்று கேட்டார். வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். எல்லோருக்கும் தீவன மூட்டையும் கொஞ்சம் பணமும் வந்தன. பட்ட நஷ்டத்தில் பாதிகூட இல்லை. ஆனால் வியாபாரியை வாசலோடு திருப்பி அனுப்ப அது போதுமாக இருந்தது.

இன்றும் எந்த அலுவலகத்திலாவது அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று என்னிடம் சொன்னால், நான் தலையைக் குனிந்துகொண்டு திரும்புவதில்லை. நாங்கள் இருக்கிறோம், வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்கிறேன்.