எந்திரிச்சவள் கல்லறை

ஐம்பதுகளின் கடைசியில், ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு, வேடசந்தூருக்கு மேற்கே இருந்த ஒரு சிற்றூரின் கோவில் பள்ளிக்கூடத்துக்கு என்னை அனுப்பினார்கள். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. திண்டுக்கல் டவுனைத் தாண்டி எங்கும் தங்கியதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் நடக்க வேண்டும். சோளக்காடு, புகையிலைக் காடு, அப்புறம் வெறும் உடைமரம். அதற்கும் அப்பால் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மாதா கோவில், அதைச் சுற்றி நாற்பது ஐம்பது வீடுகள்.

கோவிலின் தெற்குச் சுவரை ஒட்டியே கல்லறைத் தோட்டம் இருந்தது. பூசைக்கு வருகிறவர்கள் செத்தவர்களைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். அந்த ஊருக்கென்று தனியாகச் சாமியார் கிடையாது. பக்கத்துப் பங்கிலிருந்து ஒருவர் சனிக்கிழமை சைக்கிளில் வந்து, ஞாயிற்றுக்கிழமை பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான் எல்லாம்: செபம் சொல்வது, மணியடிப்பது, சாவு விழுந்தால் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பது. அறுபது வயதிருக்கும். அவர் வீட்டுக்குப் பக்கத்து அறையில்தான் நான் தங்கியிருந்தேன்.

என் கையெழுத்தைப் பார்த்த சாமியார் எனக்கு ஒரு வேலை வைத்தார். ஊரின் பழைய சாவுப் பதிவு நோட்டைக் கறையான் அரித்துக்கொண்டிருந்தது. அது மண்ணாகப் போவதற்குள் புது நோட்டில் எழுதி வைக்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானங்களில் கோவில் பீடத்தை ஒட்டிய பூசை அறையில் உட்கார்ந்து எழுதினேன். அந்த ஊரின் சரித்திரத்தை நான் தெரிந்துகொண்டது அப்படித்தான். கிணறு வெட்டும்போது மண் சரிந்து செத்தவர்கள், பாம்பு கடித்தவர்கள், பிள்ளைப்பேற்றில் போனவர்கள். கோவில் ஓலைக் கொட்டகையாக இருந்தபோது எரிந்து போனது, அதில் மாட்டிக்கொண்ட ஒரு கிழவர். உச்சி வெயிலில் ஊரே படுத்துக் கிடக்கும். கோவிலுக்குள் புறாக்களின் சத்தம் மட்டும். தனியாக உட்கார்ந்து செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதுவேன். எழுதும்போது உதடு தானாக அசையும். சில நேரம், பெயரைச் சொன்னதும் யாரோ திரும்பிப் பார்ப்பதுபோல் இருக்கும்.

வாந்திபேதி வருஷத்துப் பக்கங்களில் எழுத்து ஒரே ஓட்டமாகக் கிறுக்கியிருந்தது. ஒரே நாளில் ஒரே வீட்டில் மூன்று பேர். அந்தப் பக்கத்தை எழுதி முடித்துச் சரிபார்த்தபோது ஒரு வரி விட்டுப்போயிருந்தது. தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் அதே வரி விட்டுப்போயிற்று. மூன்றாம் முறை அந்த வரியில் விரலை வைத்து வாய்விட்டு வாசித்தேன். ஒரு பெண்பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், வீட்டுப் பெயர், வயது ஏழு.

அப்போது பின்னால் விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.

கோவிலைக் கூட்டுகிற பெண் நின்றுகொண்டிருந்தாள். ஐம்பது வயதுக்கு மேல், ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சேலை. கல்யாணம் ஆகாதவள். ஊரில் அவளை எல்லாரும் 'எந்திரிச்சவ' என்றே சொன்னார்கள். ஏதோ பட்டப்பெயர் என்று நினைத்திருந்தேன்.

"அந்தப் பக்கத்துல எத்தனாவதா இருக்கேன் டீச்சரம்மா?" என்று கேட்டாள்.

எனக்கு விளங்கவில்லை. "யாரு?" என்றேன்.

"இப்ப வாசிச்சீகள்ல. அது நாந்தான்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கூட்டத் தொடங்கினாள்.

நோட்டை மூடாமலேயே எழுந்து உபதேசியார் வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டதும் கையை உதறினார்.

"நெசந்தாம்மா. அப்ப எனக்குப் பத்துப் பன்னெண்டு வயசு. கண்ணால பாத்தேன். பேதி வந்து காலையில செத்துப்போச்சுன்னு பாயில சுருட்டி, வண்டியில மத்த பொணங்களோட ஏத்திக் கொண்டாந்தாக. குழியும் வெட்டியாச்சு, நோட்டுல பேரும் எழுதியாச்சு. தீர்த்தம் தெளிக்கப் பாயை விரிச்சா, எந்திரிச்சு உக்காந்து தண்ணி கேக்குது."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, அம்புட்டுப் பேரும் ஓடிட்டாக. அவுக அப்பன் மட்டும் ஓடல. வெட்டுன குழிய வெறுங்குழியா மூடுனா இன்னொரு உசுரக் கேக்கும்னு சொல்லுவாக. அதனால அவுக அப்பனே ஒரு வாழத்தண்டை உள்ள வச்சு மூடிட்டாரு. குழி அங்கனதான் இருக்கு. நோட்டுல பேர அடிக்கக் கூடாதுன்னு அவுக ஆத்தா சாமியாரு காலப் பிடிச்சிருச்சு. அடிச்சா சாவு மறுபடி தேடி வரும்னு பயம்."

அதன் பிறகுதான் மற்றதெல்லாம் என் கண்ணில் பட்டது. அவள் இறைத்த தண்ணீரை யாரும் குடிக்கவில்லை. கல்யாண வீட்டிலும் பிள்ளை பெற்ற வீட்டிலும் அவள் காலெடுத்து வைப்பதில்லை. எதிரே வந்தால் பெண்கள் முந்தானையால் பிள்ளைகளின் தலையை மூடினார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. இல்லாத ஓர் ஆளைச் சுற்றிக்கொண்டு போவதுபோல் சுற்றிப் போனார்கள்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. சாயங்காலம் எல்லாரும் அவரவர் வீட்டுக் கல்லறையில் மெழுகுவத்தி கொளுத்தினார்கள். சுவரோரம் இரண்டு முழ நீள மேடு ஒன்று, சாணம் மெழுகிப் பூ வைத்திருந்தது. அவள் அதன் முன்னால் முழங்காலிட்டு, ஒற்றை மெழுகுவத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். செபம் என்று நினைத்து அருகில் போனேன். செபம் இல்லை. அந்த வருஷம் மழை இல்லாததையும், ஆடு குட்டி போட்டதையும், ஊர்ச் செய்தி எல்லாவற்றையும் அவள் மண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே இருப்பது வாழைத்தண்டு என்று எனக்குத் தெரியும். இருந்தும் அந்த மேட்டை மிதிக்காமல் சுற்றித் திரும்பினேன்.

அடுத்த கோடையில் கோவிலைப் பெரிதாக்க ஏற்பாடாயிற்று. கூட்டம் கொள்ளவில்லை. தெற்குச் சுவரை இடித்துக் கல்லறைத் தோட்டத்தின் மேல் நீட்ட வேண்டும். ஊருக்கு வெளியே புதுக் கல்லறைத் தோட்டத்துக்கு இடம் பார்த்து, எலும்புகளை அங்கே மாற்றச் சாமியார் உத்தரவு போட்டார். புதிதாக வந்த இளம் சாமியார் அவர். நோட்டைப் பார்த்துக் கல்லறைகளை அடையாளம் சொல்ல என்னை நிறுத்தினார்கள்.

காலை பத்து மணி இருக்கும். வரிசையாகத் தோண்டி வந்தவர்கள் சுவரோர மேட்டுக்கு வந்ததும் உபதேசியார் சிரித்தார். "அதுல ஒண்ணும் இல்லப்பா. ரெண்டு வெட்டு வெட்டித் தட்டி விடு."

மண்வெட்டிக்காரன் இரண்டு வெட்டோடு நிறுத்தவில்லை. மூன்றடி போனதும் வெளியே எகிறிக் குதித்தான். நான் எட்டிப் பார்த்தேன். சின்ன எலும்புகள், முழங்கால் மடிந்து ஒருக்களித்துப் படுத்திருந்த மாதிரியே கிடந்தன. ஒரு காலெலும்பில் துருப்பிடித்த இரும்புக் காப்பு.

எல்லாரும் அவளைத் தேடினார்கள். தேட வேண்டியிருக்கவில்லை. ஆட்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அங்கிருந்தவர்கள் அத்தனை பேரும் என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் நானும் அதைத்தான் நினைத்தேன். குழிக்குள் கிடப்பது அவள் என்றால், ஐம்பது வருஷமாக இந்தக் கோவிலைக் கூட்டுவது யார்?

சாமியார்தான் கேட்டார். "என்னம்மா இது?"

"பஞ்சம் பொழைக்க ரோட்டோட போன சனத்துல ஒரு பிள்ளை சாமி" என்றாள். "புளியமரத்தடியில செத்துக் கெடந்துச்சு. அவுக ஆளுக போட்டுட்டுப் போயிட்டாக. வண்டிக்காரன் அதையும் அள்ளிப் போட்டிருந்தான், எம்பக்கத்துல படுத்திருந்துச்சு. எல்லாரும் ஓடுன பெறகு எங்கப்பன் அதத் தூக்கி எங்குழியில வச்சாரு. என்ன சாதின்னு தெரியாத பிள்ளைய ஊருக் கல்லறையில வச்சா விடுவாகளா? வாழத்தண்டுன்னு சொல்லிட்டாரு. நான் தண்ணி குடிச்சுக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தேன். 'ஒனக்குப் பதிலா அது படுத்திருக்கு. வாயத் தொறக்காத'ன்னாரு. தொறக்கல."

பயம் போய்க் கோபம் வந்தது. எங்கிருந்தோ வந்த எலும்பைத் தங்கள் பெரியவர்களோடு புதுத் தோட்டத்தில் வைக்கக் கூடாது என்று நாலைந்து பேர் சத்தம் போட்டார்கள். சாமியார் அசையவில்லை. "ஐம்பது வருஷம் உங்க பெரியவுகளோடதான் இருந்துச்சு. அவுக யாரும் எந்திரிச்சு வந்து வேணாங்கல" என்றார். ஆனால் அந்த எலும்புகளைத் தூக்க ஒருவரும் வரவில்லை. மணியடிக்க மாட்டேன் என்று உபதேசியாரும் ஒதுங்கிக்கொண்டார்.

அவளே குழியில் இறங்கினாள். ஒவ்வொன்றாக எடுத்துச் சேலையில் துடைத்து, நார்ப்பெட்டியில் வெள்ளைத் துணி விரித்து அடுக்கினாள். பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். முன்னால் சாமியார், பின்னால் நான். உச்சிப் பொழுது. நாங்கள் போகப் போக ஒவ்வொரு வீடாகக் கதவு சாத்தும் சத்தம். தெருவில் நாய்கூட இல்லை. பெட்டிக்குள் எலும்புகள் ஒன்றோடொன்று லேசாகத் தட்டிக்கொண்டன. அவள் குனிந்து, "செத்த நேரந்தான், வந்துட்டோம்" என்று அதனிடம் சொன்னாள்.

புதுக் குழியருகே சாமியார் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தயங்கினார். "என்ன பேர் சொல்லி மந்திரிக்க?"

"எம்பேரயே சொல்லுங்க சாமி. இத்தன வருசமா அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்புடுறேன். அதுக்கு வேற பேரு தெரியாது."

அவர் சொன்னார். உயிரோடு எதிரே நிற்கிறவளின் பெயரைச் சொல்லி, இவளுக்கு நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும் என்று வேண்டினார். ஆமென் என்று முதலில் சொன்னது அவள்தான்.

நோட்டிலிருந்து அந்தப் பெயரை அடித்துவிடலாமா என்று சாமியார் பிறகு கேட்டதற்கும் அவள் சம்மதிக்கவில்லை. உண்மை தெரிந்த பிறகாவது ஊர் அவளைச் சேர்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். இன்னும் தள்ளித்தான் போனார்கள். அவளிடம் ஓயாமல் பேசியது நான் ஒருத்திதான். ஊர் அறிவில்லாமல் நடக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு கர்வம் எனக்கு.

அதே பள்ளிக்கூடத்து ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டேன். அறுபதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு அந்த எந்திரிச்சவளையே ஞானத்தாயாக நிறுத்த வேண்டும் என்று கர்ப்பமாக இருந்தபோதே கணவரிடம் சொல்லியிருந்தேன். பிள்ளை பிறந்த பிறகு அதை மறுபடி அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அவருடைய அக்காள் சேவுகம்பட்டியிலிருந்து வந்து ஞானத்தாயாக நின்றாள்.

பிள்ளைக்கு ஒரு மாதம் ஆனபோது, ஒரு மத்தியானம் வாசலில் அவள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"பாக்கலாமா டீச்சரம்மா?"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசற்படி வரை போனேன். அவள் இரண்டு கையையும் நீட்டினாள். நீட்டிய கைகளைப் பார்த்தேன். அந்தக் கைகள் குழிக்குள் எலும்பு துடைத்தது நினைவில் வந்தது. என் கை பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டது. நான் இறுக்க நினைக்கவில்லை, அதுவாக இறுக்கிக்கொண்டது. அவள் மெதுவாகக் கையை மடக்கிக்கொண்டாள்.

"நல்லாருக்கு. கண்ணத் தொறந்து பாக்குது" என்றாள். "வாரேன்."

உள்ளே கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. அவள் வெயிலில் இறங்கிப் போனாள்.

அந்த வருஷமே வத்தலக்குண்டுப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டோம். இரண்டு வருஷம் கழித்து உபதேசியாரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றியது, மழை பெய்தது எல்லாம் எழுதி, கடைசியில் அவள் செத்துப்போனதையும் எழுதியிருந்தார். 'இந்தத் தடவை ஒரு ராத்திரி ஒரு பகல் வைத்திருந்து பார்த்துத்தான் எடுத்தோம்' என்று ஒரு வரி.

கார்டைக் கணவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நான் அடுப்படிக்குப் போய், அரிசி களையத் தண்ணீர் மொண்டேன்.