பீப்பாயில் மிச்சமிருந்த பாதி

மூக்கின்மேல் துணியைக் கட்டுவதற்கு முன் ஒரு பிடி புழுதியை அள்ளிக் காற்றில் விடுவார் தராசு. அது எந்தப் பக்கம் பறக்கிறதோ, அந்த ஓரத்தில்தான் முதல் வரிசை. பயிருக்கு மருந்தடிப்பது தொழில். கூடாமல் குறையாமல் ஒரே சீராக நடப்பதால் ஊரில் அவருக்குத் ‘தராசு’ என்று பெயர். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தாலும் அதே நடைதான். “பஸ்ஸுக்கும் மருந்தடிக்கப் போறீங்களா?” என்று மனைவி பல்லைக் கடிப்பாள்.

மிச்சம் வைப்பது அவருக்கு ஆகாது. “மருந்து மிஞ்சுச்சுன்னா நடை தப்புன்னு அர்த்தம்” என்பார். அடுத்தவர் வயல் என்றால் முதலில் கயிற்றைப் போட்டுவிடுவார். பத்து மீட்டர் கயிறு. பத்துக்குப் பத்து ஒரு கட்டம், நில அளவையில் அது ஓர் ‘ஏர்’. நூறு கட்டம் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். மருந்து டப்பாவில் ஹெக்டேருக்குத்தான் அளவு போட்டிருக்கும்.

இன்று கயிறு வண்டியிலேயே கிடந்தது. வயல் மனைவியின் அக்காவுடையது. புருஷனை இழந்தவள், கையிலிருந்ததையெல்லாம் போட்டு வெங்காயம் வைத்திருக்கிறாள். களை வெங்காயத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது. மருந்து அளவோடு விழுந்தால் களை மட்டும் கருகும். இரட்டிப்பாக விழுந்தால் வெங்காயமும் சேர்ந்து கருகும். “அங்க ஏதாவது ஆச்சுன்னா, அக்கா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?” என்று கேட்டுத்தான் மனைவி அனுப்பியிருந்தாள்.

“வயல் எவ்வளவுக்கா?”

“நூத்துக்கு நூறு மீட்டர் இருந்தா ஒரு ஹெக்டேராமே தம்பி. இது அம்பதுக்கு அம்பது. பாதி ஹெக்டேர்.”

சொந்தக்காரி வாய்விட்டுச் சொன்ன பிறகு கயிறு போட்டால், நம்பவில்லை என்றாகிவிடும். தவிர, நூறில் பாதி ஐம்பது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அரை ஹெக்டேருக்கான மருந்தைப் பீப்பாய்த் தண்ணீரில் கலக்கினார். முதுகில் டாங்கைச் சுமந்து அடிக்க ஆரம்பித்தார். அக்கா தேநீர் போட வயலோரத்து வீட்டுக்குள் போனாள்.

கடைசி வரிசையும் முடிந்தது. திரும்பி வந்து பார்த்தால், பீப்பாயில் பாதி அப்படியே நிற்கிறது.

அவருக்குத் திக்கென்றது. இத்தனை வருஷத்தில் நடந்ததில்லை. வேகமாக நடந்துவிட்டோமா? வயசாகிவிட்டதா? களை சாகாவிட்டால் ஊர் சிரிக்குமே! யாரும் பார்ப்பதற்குள் டாங்கை நிரப்பிக்கொண்டு முதல் வரிசையிலிருந்து மறுபடி அடிக்கத் தொடங்கினார். முதல் வரிசை, இரண்டாவது, மூன்றாவது.

மூன்றாவதின் முனையில் கால் நின்றுவிட்டது. தன் நடை தப்பாது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அப்படியானால் தப்பு வேறெங்கோ. குழாயை மூடிவிட்டு வண்டிக்கு ஓடினார். ஆமாம், ஓடினார்.

கயிறு நீளத்தில் ஐந்து தடவை விழுந்தது. அகலத்திலும் ஐந்து. ஐயைந்து இருபத்தைந்து கட்டம். அரை ஹெக்டேருக்கு ஐம்பது வேண்டுமே! நீளமும் பாதி, அகலமும் பாதி என்றால் நிலம் காலாகிவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. வாளியில் நல்ல தண்ணீர் மொண்டு அந்த மூன்று வரிசையிலும் மாற்றி மாற்றிக் கொட்டினார். இலை நனைந்தது. உள்ளே இறங்கிய மருந்தை யார் எடுப்பது?

“என்ன தம்பி, தண்ணி ஊத்துறீங்க?” அக்கா தேநீரோடு வந்து நின்றாள்.

வெயிலுக்கு ஊற்றினேன் என்று சொல்லிவிடலாம். அவளுக்குத் தெரியப்போவதில்லை. நாக்கு நுனிவரை வந்தது.

“அக்கா, இது பாதி ஹெக்டேர் இல்ல, கால்தான். நான் அளக்காம விட்டுட்டேன். இந்த மூணு வரிசைக்கு ரெண்டு மடங்கு விழுந்திருக்கு.”

அவள் டம்ளரை வரப்பில் வைத்தாள். “நான் சொன்னதுதானே தப்பு...”

“கலக்குனது நான்.”

“மத்ததெல்லாம்?”

“அதுக்கு ஒண்ணும் ஆகாது. இது மூணுந்தான்.”

“என் தப்பு எதுன்னு ஊருக்கும் தெரியட்டும்க்கா” என்றபடி தராசு வேலியோரத்தில் கிடந்த குச்சிகளில் மூன்றைப் பொறுக்கினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மூன்றாகக் கிழித்தார். ஒவ்வொரு வரிசையின் தலைமாட்டிலும் ஒரு குச்சியை நட்டு, சாலையில் போகிற யார் கண்ணுக்கும் படும்படி, உயரத்தில் ஒவ்வொரு துணியாக முடிந்தார்.