காருக்குப் போட்ட வெல்வெட்டுத் திரை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் சீட்டும், வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகளுக்கு இரண்டு வரிக் கடுதாசியும்தான். முன்னே நடந்ததைப் பின்னேயும் பின்னே நடந்ததை முன்னேயும் சொல்லிவிடுவேன். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன மாசம் என் பேரன் புதுக் கார் எடுத்தான். வீட்டில் எல்லாரும் அவன் போனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு நிறம் இது, சீட்டு அது, கூரையில் திறக்கிற கண்ணாடி வேண்டும், வேண்டாம் என்று சத்தம் போட்டார்கள். கடைசியில் என் பக்கம் திரும்பி, "நன்னி, ஒங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்றான். "எனக்கென்னப்பா, இருக்கிறதே போதும்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே திக்கென்றது. அது என் பேச்சில்லை, எங்கள் அம்மாவின் பேச்சு. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் கம்பம். அப்பாவை நாங்கள் அத்தா என்று கூப்பிடுவோம். அத்தாவுக்கு ஏலக்காய் வியாபாரம். மலைத் தோட்டங்களில் காய் வாங்கிப் போடிக்கு அனுப்புவார். வியாபாரம் கொஞ்சம் தலையெடுத்ததும் மதுரைக்குப் போய்க் காருக்குப் பேர் பதிந்துவிட்டு வந்தார். அந்தக் காலத்தில் பணம் கட்டினால் கார் வந்துவிடாது. வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நிக்காஹ் ஆகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை நடக்கவும் தொடங்கிவிட்டது, எங்கள் கார் இன்னும் வரவில்லை.

பேர் பதிந்துவிட்டு வந்த அன்று அத்தா சாப்பிட உட்கார்ந்தார். அம்மா சோறு போட்டுக்கொண்டே, யாருக்கோ சொல்வது போல, "காரு வந்தா ஒரு தடவ அந்தத் தண்ணி வர்ற எடத்துக்குப் போயிட்டு வரலாமா?" என்று கேட்டாள்.

"எந்தத் தண்ணி?"

"லோயர் கேம்ப்புல. தேக்கடியில தொறந்துவிட்டா அங்கன வந்து விழுமாமே."

"அட, அதுக்கென்ன! மொத சவாரியே அங்கனதான்" என்றார் அத்தா.

அம்மா பிறந்தது உத்தமபாளையம். அவளுடைய அத்தாவுக்கு வயல் இருந்தது. முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்கிற நாளில் ஒவ்வொரு வருஷமும் லோயர் கேம்ப் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவாராம். ஆண் பிள்ளைகளைக் கூட்டிப் போவார். திரும்பி வந்து, மலையிலிருந்து தண்ணீர் எப்படி இறங்கியது, எப்படி நுரைத்தது, எப்படி அதட்டியது என்று கதை கதையாகச் சொல்வாராம். பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கதை மட்டும்தான். அம்மா கல்யாணமாகிக் கம்பத்துக்கு வந்ததும் கூண்டு வண்டியில், முன்னும் பின்னும் படுதா கட்டித்தான். அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்றே வளர்ந்தவள் அந்தத் தண்ணீர் வந்து சேரும் இடத்தைப் பார்த்ததில்லை.

இதெல்லாம் பின்னாளில் நான் சேர்த்து யோசித்தது. அப்போது எனக்குக் கார் ஒன்றுதான் நினைப்பு.

ஒரு வழியாக மதுரையிலிருந்து தகவல் வந்தது. கார் வரப்போகிறது, என்ன நிறம் வேண்டும், கூடுதலாக என்னென்ன சாமான் மாட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இங்கிலீஷில் அச்சடித்த தாள். அதைப் படித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு சின்னத்தாவுக்கு. சின்னத்தா என்றால் அத்தாவின் தம்பி. பத்தாவது பரீட்சையில் இரண்டு முறை இங்கிலீஷில்தான் தவறினார். ஆனாலும் வீட்டில் இங்கிலீஷ் என்றால் அவர்தான்.

"ரேடியோன்னு போட்டிருக்கு அண்ணே. இது கட்டாயம். ஃபேன் இருக்கு. மேல மூட்ட கட்டக் கேரியர் இருக்கு. அப்புறம் ஹீட்டருன்னு ஒண்ணு."

"அது என்னடா?"

"வண்டிக்குள்ள சூடு வர்றதுக்கு."

அத்தா அவரையே பார்த்தார். "நம்ம ஊர்லயா? சித்திரையில சீட்டுல உக்காந்தா இட்டிலி வெந்துரும். அதுக்குக் காசு வேற குடுக்கணுமா?"

ஹீட்டர் போனது. ரேடியோ உறுதியானது. மூட்டை ஏற்ற வேண்டும் என்று அத்தா கேரியரும் மாட்டச் சொன்னார். வெள்ளை நிறம் அரசாங்க வண்டி போல இருக்கிறது, கறுப்பு சூடு வாங்கும் என்று இரண்டு நாள் பேசிச் சாம்பல் நிறத்தில் வந்து முடிந்தது. எனக்கு என்ன வேண்டும் என்று அத்தா கேட்டார். "ஆரன்" என்றேன். ஆரன் இல்லாமல் கார் வராது என்று எல்லாரும் சிரித்தார்கள்.

திரை மட்டும் மதுரைக்காரர்கள் தாளில் இல்லை. நல்ல வீட்டுப் பெண்கள் ஏறுகிற வண்டிக்குத் திரை இல்லாமல் எப்படி? தேனியிலிருந்து சீட் உறை தைக்கிற ஒருவரை அத்தா வரவழைத்தார். அவர் துணித் துண்டுகளை ஒரு மூட்டையாகக் கொண்டுவந்து முன்கூடத்தில் பரப்பினார். பூப்போட்டது, கோடு போட்டது, பச்சை வெல்வெட்டு, ஊதா வெல்வெட்டு. அடியில் வலை போல ஒரு மெல்லிய துணியும் இருந்தது.

வெளியாள் வந்திருந்தால் அம்மா முன்கூடத்துக்கு வரமாட்டாள். கதவுக்கு அந்தப்பக்கம் நிற்பாள். அவளுக்கும் அத்தாவுக்கும் நடுவே பேச்சைச் சுமந்துபோவது என் வேலை.

"ஏ புள்ள, இதெல்லாம் ஒங்கம்மாட்டக் காட்டி எது வேணும்னு கேட்டுட்டு வா. அவளுக்குத்தான திரை" என்றார் அத்தா.

துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். அம்மா வெல்வெட்டை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். அப்புறம் அந்த வலைத்துணியை எடுத்துக்கொண்டு அடுப்படி ஜன்னலுக்குப் போனாள். அதை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். கொல்லையில் முருங்கை மரம் நின்றது. கொடியில் என் பாவாடை காய்ந்தது. அம்மா அதையே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம், "நீ அந்தண்ட போய் நின்னு பாரு, என் மொகம் தெரியுதா?" என்றாள். நான் கொல்லைக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்குள் இருட்டாக இருந்தது. "தெரியலம்மா" என்று கத்தினேன்.

அம்மா சிரித்தாள். அந்தத் துணியை என் கையில் கொடுத்து, "இது போதும்னு சொல்லு" என்றாள்.

நானும் போய் அப்படியே சொன்னேன். "அம்மாவுக்கு இது போதுமாம்."

சின்னத்தா துணியைத் தூக்கிப் பிடித்தார். "இது கொசுவலையில்ல! மதினி காருக்குள்ள படுத்துத் தூங்கப் போறாகளா?"

தைக்கிறவரும் சிரித்தார். "இது இருக்கிறதுலயே வெல கம்மி மொதலாளி. சும்மா பாக்கட்டும்னு எடுத்தாந்தேன்."

அத்தா சிரிக்கவில்லை. துணியை வாங்கி விரலில் சுருட்டினார். "அவ என்னைக்குத்தான் வேணும்னு சொல்லியிருக்கா? மீன் வாங்கியாந்தா வால் துண்டு போதும்பா. பெருநாளைக்குச் சேலை எடுத்தா போன வருசச் சேலையே போதும்பா. ஒரு தடவையாச்சும் அவளுக்கு ஒசத்தியா இருக்கட்டும்யா. பச்ச வெல்வெட்டையே போடுங்க. முன் கண்ணாடி வழியாத் தெரியுமுல்ல, சீட்டுக்கு நடுவுலயும் ஒண்ணு போட்டுருங்க."

அதை அம்மாவிடம் சொல்ல நான்தான் ஓடினேன். "அம்மா, ஒங்களுக்கு வெல்வெட்டாம்! அத்தா சொன்னாக!" அம்மா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். "நல்லாத்தான் இருக்கும்" என்றாள். உலையில் அரிசி போடப் போய்விட்டாள்.

கார் வந்தது. கேரியரும் ரேடியோவுமாக ஒரு வாரம் தெருவே அதைச் சுற்றி நின்றது. பச்சைத் திரையைப் பித்தளை வளையத்தில் கோத்து மாட்டியிருந்தார்கள். இழுத்தால் சலசலவென்று சத்தம் வரும். நான் இழுத்து இழுத்து விளையாடி அடி வாங்கினேன்.

அத்தா சொன்ன சொல் மாறவில்லை. முதல் சவாரி லோயர் கேம்ப்தான். அதுவும் சும்மா ஒரு நாளில் இல்லை. தண்ணீர் திறக்கிற நாளாகப் பார்த்து, அதற்காகவே காரைத் தொடாமல் நிறுத்தி வைத்திருந்தார். சின்னத்தா வண்டியை ஓட்டினார். முன் சீட்டில் அவருக்கும் அத்தாவுக்கும் நடுவே நான். பின்னால் வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு அம்மா, மடியில் என் கைக்குழந்தைத் தம்பி. திரைகளை நாலு பக்கமும் இழுத்துவிட்டார் அத்தா.

ரேடியோ பாடியது. நடுத்திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்துகொண்டே இருந்தது.

"இப்ப எங்கன வந்திருக்கோம் புள்ள?"

"கூடலூரு தாண்டிட்டோம்மா."

"மல பக்கத்துல வந்துருச்சா?"

"ஆமா, பெரிசா இருக்கு."

"மலையில தண்ணி எறங்குற பெரிய கொழாய் தெரியுதா?"

"என்ன கொழாய்?"

"மதினி, இருங்க, எறங்கி நின்னு ஆற அமரப் பாக்கலாம்" என்றார் சின்னத்தா. அத்தாவும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

போய்ப் பார்த்தால் ஒரே ஜனம். வயக்காட்டுக்காரர்கள், ஆபீசர்கள், ஜீப்புகள், லாரிகள், சர்பத் வண்டிகள். பெண் என்று பார்த்தால் மாலை கட்டுகிற ஒரு கிழவிதான். சின்னத்தா மரத்தடியில் காரை நிறுத்தியதுமே அத்தாவுக்குத் தெரிந்தவர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"புது வண்டியா பாய்? சொல்லவே இல்லையே!"

"திரையப் பாருய்யா, என்னா பளபளப்பு!"

ஒருவர் வெளியிலிருந்தே கண்ணாடியில் மூக்கை வைத்து வெல்வெட்டின் அழகைப் பார்த்தார். இந்தப்பக்கம் அம்மா இருந்தாள். அத்தா நடுத்திரையில் வாயை வைத்து, "கூட்டம் கொஞ்சம் கலையட்டும், எறங்கலாம்" என்று மெதுவாகச் சொன்னார்.

கூட்டம் கலையவில்லை. நேரமாக ஆக ஆட்கள்தான் கூடினார்கள். தண்ணீர் வந்தபோது எல்லாரும் ஓ என்று கத்தினார்கள். நானும் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிப் போய்ப் பார்த்தேன். பூப் போட்டார்கள். எனக்குச் சர்பத் வாங்கித் தந்தார்கள். அதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் அம்மா நினைப்பு வந்தது. திரும்பி ஓடி வந்து காரின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். உள்ளே வெந்நீர்ப் பானைக்குள் இருப்பது போல இருந்தது. தம்பி அழுதுகொண்டிருந்தான். அம்மாவின் துப்பட்டி வேர்வையில் ஒட்டியிருந்தது.

"பாத்தியா? எப்படி இருக்கு?" என்றாள்.

"என்னது?"

"தண்ணி, புள்ள!"

"ஒண்ணுமில்லம்மா, வெறும் தண்ணிதான்."

"என்ன நெறத்துல வருது?"

"சாயா நெறத்துல."

"நொரைக்குதா?"

எனக்கு வெளியே போக வேண்டும். சர்பத் வண்டிக்குப் பக்கத்தில் ஒருவன் குரங்கு வைத்திருந்தான். "நொரைக்குதும்மா" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

கிளம்புகிற நேரத்தில் அத்தா, குடிக்கக் கொண்டுபோயிருந்த கூஜாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. நடுத்திரையை ஒரு சாண் விலக்கிக் கூஜாவை உள்ளே நீட்டினார். "இந்தா, நீ கேட்ட தண்ணி. இன்னொரு நாள் கூட்டமில்லாதப்ப வருவோம்."

அம்மா மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். கையை விட்டு நனைத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். தம்பிக்கும் ஒற்றினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "அம்மா, இது நம்ம வீட்டுக்கு வர்ற தண்ணிதாம்மா!" என்றேன். அத்தாவும் சிரித்தார், சின்னத்தாவும் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த இன்னொரு நாள் வரவில்லை. கார் மலைக்கும் போடிக்கும் ஏலக்காய் சுமந்தது. நடுத்திரையில் மூட்டை உரசி உரசி வெல்வெட்டு வழுக்கையானது. பிறகு காரையும் விற்றுவிட்டார்கள். அம்மா அதற்கப்புறம் எங்கேயும் போக வேண்டும் என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. அத்தா மட்டும் கடைசி வரை வந்தவர் போனவரிடம், "எங்க வீட்ல அவளுக்கு எதுவுமே கேக்கத் தெரியாது" என்று பெருமையாகச் சொல்வார். அம்மா ஜன்னலில் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அது கேட்பதுதான் என்று எனக்கும் அப்போது தெரியாது.

இதில் பிழை இருக்கலாம். கார் சாம்பல் நிறம்தானா, தண்ணீர் திறந்தது எந்த வருஷம் என்பதெல்லாம் என் தம்பியைக் கேட்டால் தெரியாது, அவன் அப்போது மடிப்பிள்ளை. லோயர் கேம்ப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது ஒன்றே ஒன்றை மட்டும் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். கார்கள் நிற்கிற அந்த மரத்தடியிலிருந்து, பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளுக்கு, அத்தனை ஜனத்துக்கு நடுவே, வலைத்துணியே போட்டிருந்தாலும் தண்ணீர் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது என்று யாராவது சொன்னால் நல்லது.