கதிரை ஆட வைத்த நேர்கோட்டார்

நேர்கோட்டார் என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை, ஆராய்ச்சிக்கூடத்தில் வைத்தது. கேலிக்கு வைத்ததுதான், ஆனால் அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. எலக்ட்ரான்களைப் பெரிய வளையத்துக்குள் சுழலவிட்டு, அவை திரும்பும்போது வெளிப்படும் எக்ஸ்ரே கதிரைக் குழாய் வழியே அறை அறையாகப் பங்கு போட்டுக் கொடுக்கிற இடம் அது. அந்தக் கதிர் தலைமுடியின் நூறில் ஒரு பங்குகூட நகராமல் பார்த்துக்கொள்வது அவருடைய உத்தியோகம். குழாயோடு இணைந்த ஓர் உணர்கருவி, இரும்புத் தாங்கியின் மேல் உட்கார்ந்துகொண்டு, கதிர் எங்கே போகிறது என்று சொல்லும். விலகினால், அவர் எழுதிய நிரல் உள்ளே இருக்கும் கண்ணாடியைத் திருப்பிக் கதிரை இழுத்து நிறுத்தும். கருவி சொல்வதைக் காட்டும் பச்சைக் கோடு ஒன்று திரையில் சாதுவாக ஓடும்.

"கோடு அசையலைன்னா உங்களுக்கு அங்க என்ன வேலை? அசைஞ்சா உங்களை எதுக்கு வச்சிருக்காங்க?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். அவர் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தை நேராக்கிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

அந்த வாரம் ஒரு புரத ஆராய்ச்சிக்காரி வந்திருந்தாள். கண்ணுக்குத் தெரியாத அளவில் மூன்று படிகங்கள். மூன்று வருஷம் படாத பாடு பட்டு வளர்த்தவை. அவற்றில் ஒன்றாவது கதிரில் ஒழுங்காகப் பதிவானால்தான் அவள் ஆராய்ச்சி பிழைக்கும். மதியத்தோடு அவள் முறை முடிகிறது. அடுத்த முறை எப்போது கிடைக்கும் என்று கடவுளுக்கே தெரியாது. இரண்டு படிகங்களை வைத்துப் பார்த்தாள். பதிவு வருவதும் மங்குவதுமாக இருந்தது. திரும்பத் திரும்பச் சரிசெய்து வைத்ததில் இரண்டும் கதிர் பட்டே கெட்டுப்போயின.

வெளியே வந்தாள். "சார், கதிர் ஆடுதுன்னு நினைக்கிறேன்."

நேர்கோட்டாருக்குச் சுருக்கென்றது. திரையைக் காட்டினார். "இதுல எங்கம்மா ஆட்டம்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். உங்க படிகம்தான் நகருது." தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பதில் படித்தவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அவள் வாதாடவில்லை. அவர் மேசைக்குப் பக்கத்திலிருந்த தாங்கியை ஒட்டி நின்றவள் மேலங்கியை இழுத்து மூடிக்கொண்டாள். "இங்க மட்டும் ஏன் சார் இப்படிக் குளிருது? அதுவும் விட்டு விட்டு?"

நேர்கோட்டார் அண்ணாந்து பார்த்தார். ஏசி காற்று கழுத்தில் அடிக்கிறது, வலிக்கிறது என்று, போன வாரம் நாற்காலி மேல் ஏறி ஏசியின் வாயில் இருக்கும் மடலைத் திருப்பி வைத்தவர் அவர்தான். காற்று இப்போது நேராகத் தாங்கியின் மேல் விழுந்தது. ஏசி ஓடும்போது இரும்பு சுருங்கும், நின்றால் நீளும். கூடவே கருவியும் ஏறி இறங்கும். தன்பாட்டுக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கதிரை, ஆடுகிற கருவியின் பேச்சைக் கேட்டு அவருடைய நிரல் மேலும் கீழும் இழுத்தடித்திருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. திரையில் மட்டும் கோடு நேர்.

மடலை இப்போது திருப்பினால் இரும்பு அடங்க மாலையாகிவிடும். ஒரே வழிதான் இருந்தது. நிரலை நிறுத்தினார். கதிரின் ஆட்டம் நின்றது, திரையில் பச்சைக் கோடு கோணிக்கொண்டு ஆடத் தொடங்கியது.

"கடைசிப் படிகத்தை இப்ப வைங்கம்மா," என்றார். ஏன் என்று சொல்லும் தைரியம் வரவில்லை.

அவள் உள்ளே போனதுதான் தாமதம், இயக்குநர் விருந்தாளிகளோடு வந்துவிட்டார். அவர்களை அழைத்து வந்ததே அந்தக் கோட்டைக் காட்டத்தான். "என்னய்யா இது, இப்படி நெளியுது?"

"கதிர் சரியா இருக்கு சார். கருவிதான் ஆடுது."

விருந்தாளிகள் மரியாதையாகச் சிரித்தார்கள். இயக்குநர் காதோரம் வந்தார். "இவங்க போற வரைக்குமாவது நேராக்கித் தொலைங்க."

ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். காலியாகப்போகும் பிரிவுத் தலைவர் நாற்காலி அவர் கண்ணில் ஒருமுறை வந்து போனது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "முடியாது சார். உள்ள பதிவு நடக்குது."

இயக்குநர் முகம் சிவக்க, இன்னொரு கதிரைக் கவனிக்கும் பக்கத்து மேசைக்கு விருந்தாளிகளைக் கூட்டிப் போனார். அங்கேயும் நேர்கோட்டார் எழுதிய அதே நிரல்தான். கோடு கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் இருந்தது. கைதட்டினார்கள்.

கதவு திறந்தது. அவள் முகமெல்லாம் சிரிப்பு. "வந்துடுச்சு சார்! முழுசாப் பதிவாயிடுச்சு. உங்க கதிரைப் போய்ச் சந்தேகப்பட்டேன், மன்னிச்சிடுங்க. நீங்க சொன்ன மாதிரி நான்தான் சரியா வைக்கலை போல."

அப்படியே விட்டிருக்கலாம். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இல்லம்மா. முதல் ரெண்டும் என்னாலதான் போச்சு."

அவள் சிரிப்பு நின்றது. "மூணு வருஷம் சார்," என்றாள்.

பக்கத்து மேசையில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.