ஆளில்லாத ஒழுங்கைகளை விற்ற கதை

அடுத்தவரின் விடுமுறையை விற்றுச் சீவிப்பவனுக்கு விடுமுறை என்று ஒன்று கிடையாது. கல்யாண வீட்டுச் சமையல்காரனுக்காவது கடைசிப் பந்தி இருக்கும், எங்களுக்கு அதுவும் இல்லை. ஒஸ்லோவில் ஒரு சின்னப் பயண அலுவலகம். நோர்வேக்காரரை இங்கிலாந்தின் நாட்டுப்புறத்துக்குச் சைக்கிள் ஓட அனுப்புவோம். பெட்டி படுக்கையை ஒரு வான் வண்டி கொண்டுபோய் அடுத்த விடுதியில் இறக்கும். ஆட்கள் குறுகலான ஒழுங்கை ஒழுங்கையாக ஓடி அங்கே போய்ச் சேரவேண்டும். எந்த ஒழுங்கை என்று தீர்மானிப்பது என் வேலை. கைபேசி வழி சொல்லாத காலம் அது. வசந்தத்தில் நான் காரில் போய் றோட்டுகளைப் பார்த்து வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு வருவேன். கோடை முழுக்க ஒஸ்லோவில் தொலைபேசியோடு இருப்பேன். ஊரே கடற்கரைக்குப் போக, மேசையில் குந்தியிருந்து பெருமூச்சு விடும் சகபாடிகளே, இது உங்களுக்குத்தான்.

பஸ் ஓடும் பாதை

"அமைதியான றோட்டாகப் பார்த்து வா" என்று முதல் வருடம் முதலாளி இங்குன் அனுப்பினார். நல்ல மனுசி, ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை. நான் யுத்தத்துக்குள் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடி வளர்ந்தவன். ஒரு றோட்டில் சனம் இல்லையென்றால் முன்னால் ஏதோ நடக்கிறது, உடனே சைக்கிளைத் திருப்பு. இதுதான் எங்களுக்குத் தெரிந்த வீதி ஒழுங்கு. எதிரே நாலு பேர் வந்தால்தான் நெஞ்சில் தண்ணி வரும். இங்கிலாந்திலோ இரண்டு பக்கமும் ஆள் உயர வேலி, நடுவில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. கார்க் கதவைப் பூட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டேன். சந்தை, பள்ளிக்கூடம், பஸ் தரிப்பு என்று சனம் நிற்கும் இடமாகத் தேடித் தேடிக் கோடு போட்டேன்.

அந்தக் கோட்டில் முதலில் போனவர்கள் ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் இருந்த ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும். திரும்பி வந்ததும் நேராக அலுவலகத்துக்கு வந்தார்கள். மனைவி கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. "அந்த மாவட்டத்து பஸ் சாரதிகள் எல்லாரும் இப்போது எங்களைக் கண்டால் கை காட்டுகிறார்கள்" என்றார்.

இங்குன் கண்ட வழி

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். இங்குன் ஏசவில்லை. ஏன் இப்படி என்று கேட்டார், நானும் ஒளிக்காமல் சொன்னேன். பிறகு அவர் சொன்னதை வைத்துத்தான் மிச்ச வருடம் எல்லாம் பிழைத்தேன். நான் கோடு போட்ட பாதையைத் தேடி ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். அவர் சொன்னது இவ்வளவுதான்: "உனக்கு எங்கே பயம் வருகிறதோ, அங்கே கோட்டைப் போடு."

செம்மறிச் சந்தி

மகள் ஆரணிக்குப் பத்து வயதில் கியர் வைத்த சைக்கிள் வாங்கினோம். மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மேட்டில் கியர் மாற்றப் பழக்கிக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் கைபேசி அடித்தது. இங்கிலாந்தில் ஒரு முச்சந்தியில் நின்று ஒருவர் வழி தெரியாமல் அழைக்கிறார். நான் அப்படியே நடைபாதை ஓரத்தில் குந்தி, எப்போதும் கூடவே வைத்திருக்கும் வரைபடத்தை விரித்தேன். தேவாலயக் கோபுரம் தெரிகிறதா? இல்லை. பெயர்ப்பலகை? இல்லை. வேலி தெரிகிறது என்றார். அந்த நாட்டில் வேலி தெரியாத இடம் எது?

ஆரணி என்னைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். கொஞ்ச நேரம் காலை ஊன்றிக்கொண்டு நின்றாள். நான் தலையை நிமிர்த்தியபோது சைக்கிளை உள்ளே வைத்துவிட்டு மேலே போயிருந்தாள். அன்றைக்கு அவள் பழகாமல் விட்ட கியரை இன்றைக்கும் என் கை நினைத்துக்கொள்கிறது. அந்த மனிதரோ ஆறுதலாகக் கதைத்தார். "ஒரு செம்மறி என்னையே பார்க்கிறது. அதற்கும் வழி தெரியாது என்று நினைக்கிறேன்."

எங்கடை ஆட்கள்

இத்தனை வருடத்தில் எங்கள் தமிழர் ஒருவராவது இந்தப் பயணத்துக்குப் பதியவில்லை. கோயில் திருவிழாவில் சிநேகிதன் சிவநேசனைப் பிடித்து, சுத்தமான காற்று, நல்ல சாப்பாடு, விலையில் கழிவும் தருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். வடையை மென்று முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னான். "மச்சான், சைக்கிள் ஓடாமல் இருக்கத்தானே நாங்கள் இஞ்சை வந்தனாங்கள்?"

சின்னக் காலுக்கு ஏற்ற பாதை

பிள்ளைகளோடு போகும் குடும்பங்களுக்கு ஒரு பாதை போடச் சொன்னார் இங்குன். அதை ஆரணியை நினைத்தே போட்டேன். எந்த ஏற்றத்தில் முகம் சுளிப்பாள், எங்கே பசிக்குது என்பாள், எந்தப் பாலத்தடியில் இறங்கித் தண்ணீரில் கால் வைக்கக் கேட்பாள் என்று எல்லாம் கணக்குப் பார்த்தேன். அவளும் ஒவ்வொரு மே மாதமும் கோடை விடுமுறையைப் பற்றிக் கேட்பாள். "அப்பா, இந்த சொம்மர்ஃபேரியேக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போவியளோ?" பள்ளிக்கூடத்துக்கு யூலையில் விடுமுறை, எனக்கு யூலையில்தான் உச்ச வேலை. "ஓம் பிள்ளை, வாற வருசம்" என்பேன். பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் நம்பித்தான் சொன்னேன். சில வருடம் கேட்டாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். விட்டதை நான் கவனிக்கவில்லை, அதுதான் வலிக்கிறது.

அந்தப் பாதைக்குத்தான் அதிகம் கிராக்கி. ரொம்மனில் இருந்து ஒரு தகப்பன் தன் சின்ன மகளோடு போய்வந்து, நன்றி சொல்ல ஒரு கேக்கோடு வந்தார். "இதை வரைந்தவர் கட்டாயம் ஒரு பிள்ளைக்குத் தகப்பன்தான்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் தலையாட்டினேன். அவர் விடவில்லை. "உங்கள் பிள்ளைக்கு எந்த இடம் கூடுதலாகப் பிடித்தது?"

நாலாவது சைக்கிள்

ஆரணி பல்கலைக்கழகம் போன வருடம் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்து, வாடிக்கையாளர் கதிரையில் இருந்தாள். முந்தின கோடை விடுமுறையில் வேலை செய்து சேர்த்த காசு கையில் இருந்தது. இரண்டு சிநேகிதிகள் வருகிறார்கள், குடும்பப் பாதை வேண்டாம், நல்ல அமைதியான பாதை வேணும் என்றாள். வழக்கம்போல எத்தனை சைக்கிள் என்று கேட்டேன். நாலு என்றாள்.

"நாலாவது ஆருக்கு?"

"உங்களுக்கு."

"பிள்ளை, யூலையிலை எப்பிடியம்மா வாறது?"

முகம் மாறாமல், "அப்ப மூண்டு போடுங்கோ" என்றாள். இங்குன் அடுத்த மேசையில் இருந்தார். எங்கள் தமிழ் அவருக்கு விளங்காது. ஆனாலும் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அன்றிரவு வீட்டில் வரைபடத்தை விரித்தேன். மற்றவர்களுக்கு எங்கே பயம் வந்ததோ அங்கே கோடு போட்டவன், மகளுக்கு அப்படிப் போட முடியவில்லை. காடு வந்த இடத்தில் பேனை தானாக ஊருக்குள் திரும்பியது. தனி வீடு வந்தால் சந்தைக்குப் போனது. வேலி உயர்ந்தால் பெரிய றோட்டுக்கு ஏறியது. விடியுமுன் கோட்டை முடித்து, ஒன்றும் தெரியாதவன்போல அவளிடம் கொடுத்தேன்.

போய்வந்து மறுபடியும் அதே கதிரையில் வந்து இருந்தாள். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. எப்பிடிப் போச்சுது என்று கேட்டேன். லொறிகள் உரசிக்கொண்டு போனதாம், ஒரு சிநேகிதி பாதியில் சைக்கிளைப் பெட்டி கொண்டுபோகும் வானில் ஏற்றிவிட்டு பஸ் எடுத்தாளாம். ஒரு விடுதியில் எங்கள் பாதையில் வந்த வேறு நோர்வேக்காரரைச் சந்தித்து, அவர்களின் வரைபடத்தை வாங்கிப் பார்த்தாளாம். எல்லாம் விளங்கிவிட்டது அவளுக்கு. ஏசுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். வரைபடத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு மெல்லச் சொன்னாள். "நீங்களும் வந்திருந்தா, அப்பா, அந்த ஆளில்லாத ஒழுங்கையாலை போயிருக்கலாம்."

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது சத்தியமான பேச்சுத்தான், வளரும்போது பார்க்க நாமும் பக்கத்தில் நிற்போம் என்று மட்டும் அதைச் சொன்னவர்கள் எங்கும் சொல்லவில்லை.