ஹெட்டி பாடாமல் விட்ட பல்லவி

“என்னப் பாத்துச் சிரிக்கணும்னா, உங்க தாத்தா மாதிரி வாசல்ல டிக்கெட் எடுத்துட்டு வந்து சிரிங்கடா!”

ஹெட்டி கத்திய கத்தலில் விலாங்கு மீன் கடையே திரும்பிப் பார்த்தது. அவள் அங்கே மேஜை துடைக்கிறவள், என் சிநேகிதி. திட்டு வாங்கியவன் எங்கள் தெரு ராய். தோள்வரை முடி, பூப்போட்ட சட்டை, முதுகில் கிதார். அவனும் மூன்று கூட்டாளிகளும் ஒரு ராக் பாட்டை இசைத்தட்டாகப் போட இருந்தார்கள். அதன் நடுவில் இவளுடைய பழைய பாட்டைப் பாடக் கூப்பிட்டிருந்தான்.

“கேலிக்கு இல்ல ஹெட்டி அத்தை. அமெரிக்காக்காரன் மாதிரியே பாடிப் பாடி எங்களுக்கே சலிச்சுப் போச்சு. எங்கம்மா பாத்திரம் தேய்க்கறப்ப உங்க பாட்டத்தான் பாடுவா.”

“உங்கம்மா குரலுக்குப் பூனை வீட்டை விட்டு ஓடியிருக்குமே.”

ஹெட்டி ஒரு காலத்தில் டெப்ட்ஃபோர்டு மியூசிக் ஹாலில், அதாவது எங்கள் பேட்டைப் பாட்டுக் கொட்டகையில், வேடிக்கைப் பாட்டுப் பாடியவள். தலையில் கோழிக்கூடு அளவுக்குத் தொப்பி. அங்கே ஒரு வழக்கம் உண்டு. கடைசித் தடவை பல்லவி வரும்போது பாடுகிறவள் வாயை மூடிக்கொண்டு காதில் கை வைப்பாள். கொட்டகை மொத்தமும் அதைப் பாடும். அதுதான் அவளுக்கு மரியாதை.

பிறகு டிவி வந்தது, கூட்டம் போனது. ஹால் மூடிய அன்று ஹெட்டி காதில் கை வைத்தாள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மாடியில் எவனோ சிரித்தான். என் வீட்டுக்காரர் அப்போது உயிரோடிருந்தார், ஆனால் பக்கத்து நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், அந்த ஆளை என்ன சொல்ல. அன்றோடு தொப்பி கட்டிலுக்கு அடியில் போயிற்று. அந்தச் சிரிப்பு மட்டும் ஹெட்டியின் காதை விட்டுப் போகவில்லை.

“போய்ப் பாடுடி. மேஜை துடைக்கறதுக்கா உனக்கு அந்தத் தொண்டை?” என்று நான்தான் நச்சரித்தேன்.

போனாள். யாரும் பார்க்காத ஒலிப்பதிவு அறைக்கு அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனாள். கிதார்கள் ஓய்ந்தன. பியானோ துள்ளியது. குடித்துவிட்டு வந்து மழையில் நிற்கிற புருஷனின் பாட்டு.

“கதவத் தெற கண்ணே, காலு நனையுது!”

கடைசிப் பல்லவி வந்ததும், பழக்க தோஷம், வாயை மூடிக் காதில் கை வைத்தாள். அங்கே ஏது கூட்டம்? சுவரில் சிவப்பு விளக்குதான் எரிந்தது. பியானோ மட்டும் தனியாக ஓடி முடிந்தது. ஹெட்டி யார் முகத்தையும் பார்க்காமல் படியேறிப் பஸ் பிடித்தாள்.

“பேசித் தொலையேன்டி” என்றேன், அவள் வீடு வந்து சேர்ந்ததும்.

“எழவு வீட்ல போய் ஜோக்கு சொன்ன மாதிரி ஆயிடுச்சு. இத வச்சே ஊரச் சிரிக்க வைப்பானுங்க, பாரு.”

ராய் வந்து கதவைத் தட்டினான். இவள் மாடியிலிருந்து டீத் தண்ணீரை ஊற்றினாள். இசைத்தட்டு வந்தது. ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால் திருகி அணைத்தாள்.

ஒரு சனிக்கிழமை கையைப் பிடித்து இசைத்தட்டுக் கடைக்கு இழுத்துப் போனேன். கேலியோ என்னவோ, கேட்டுத் தொலைக்கட்டும், இல்லாவிட்டால் இப்படியே செத்துப் போவாள். கல்லாவில் இருந்த பெண்ணிடம் போடச் சொன்னேன். முதலில் ஈயக் கடையில் பாத்திரம் உருண்ட மாதிரி ஒரே சத்தம். அப்புறம் பியானோ. அப்புறம் ஹெட்டி. என் முழங்கையில் அவள் நகம் இறங்கியது. கடைசிப் பல்லவி. பையன்கள் அந்த இடத்தை அப்படியே வெறுமையாக விட்டிருந்தார்கள்.

“கதவத் தெற கண்ணே, காலு நனையுது!”

பாடியது தட்டு இல்லை. கடை. கல்லாப் பெண், குட்டைப் பாவாடைக்காரிகள், தள்ளுவண்டியில் குழந்தையோடு நின்றவள், கசாப்புக் கடை ஆள், எல்லோரும்.

“நீங்க மட்டும் சும்மா நிக்கறீங்களே பாட்டி, இந்தப் பாட்டு தெரியாதா?” என்றாள் கல்லாப் பெண்.

ஹெட்டி பெருமூச்சு விட்டாள். இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த மூச்சு அது.

“இந்த எடத்துல நான் பாடக் கூடாதும்மா” என்றாள்.

அவள் வீட்டில் தட்டைச் சுழற்றும் பெட்டிகூடக் கிடையாது. ஆனாலும் பையைத் திறந்து ஒன்று வாங்கினாள். விலை ஏழு ஷில்லிங், நாலு பென்ஸ்.